ஒரு தரம் மட்டும் கூப்பிட்டவர்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்பு மருமகன் இராகுலனுக்கு,

நானும் மாமியும் இதுவரை சுகம். நீரும், வெள்ளவத்தையில் உம்மிடம் திரைக்கதை படிக்கிற பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பத்திரகாளி அம்மன் துணை நிற்க வேண்டும். போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம், உரத்துக் கதைத்தால் விறாந்தையில் இருப்பவருக்குக் கேட்டுவிடும்.

குறும்படப் போட்டிக்கு நான் எழுதிய கதை நினைவிருக்கும். கடலில் மூழ்கிப்போன மூதூர்த் தோணிக்காரர் இராசதுரை, பொழுதுபட்டு மைமலாகிற நேரத்தில் ஒரு வீட்டு வாசற் படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுகிறார். மனிதர் மூன்று தரம் கூப்பிடுவார்கள், மற்றதுகளுக்கு ஒரு தரத்துக்கு மேல் ஏலாது, அதனால்தான் இங்கே முதல் கூப்பாட்டுக்கு யாரும் ஓம் போடுவதில்லை. அவர் செத்தவர்தான், என்றாலும் வீட்டில் வைத்து எழுதுகிறேனே என்று பயந்து மூன்று தரம் போட்டிருந்தேன். நீர் இரண்டை வெட்டிவிட்டு, "சொன்னதையே திருப்பிச் சொன்னா பாக்கிறவன் எழும்பிப் போயிடுவான் மாமா, வசனத்தை வாய்விட்டு வாசிச்சுப் பாருங்கோ" என்றீர். வாசித்தேன், ஒரே தரம். குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த மாமி, மற்ற இரண்டும் பொரிகிற சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, "ஓம், வாங்கோ, இருங்கோ!" என்றுவிட்டாள். படலை தானாகத் திறந்தது.

அன்றிலிருந்து மைமலானால் விறாந்தை மூலைக் கதிரை நனைகிறது. ஆளைக் காணவில்லை. மாமி தேத்தண்ணி வைக்கிறாள், குறைவதில்லை, வீணாக்குவானேன் என்று நான் குடித்தேன், ஒரே உப்பு. கதிரை மெத்தை பழுதாகிறதென்று மாமியின் ஏச்சும் எனக்குத்தான். இதையெல்லாம் பொறுப்பேன். ஆனால் "உயிர் போற விஷயம் இல்லாட்டி கதை ஏறாது" என்று நீர் ஒற்றைக் காலில் நின்றதால், வீட்டில் ஒருவரை அவர் தோணியில் கூட்டிப்போவதாக அல்லவா முடித்தேன்! நேற்று மாமியின் செருப்பு ஈரமாய் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளை விட்டால் எனக்கு ஆர்? அவர் தனியே போவதாக மாற்றி வாசித்தேன். "முடிவு பலமில்லை" என்று கதிரைப் பக்கமிருந்து குரல் வந்தது. அச்சொட்டாக உம்முடைய சொல். கெதியாக பஸ் ஏறி வந்து, அவருக்குப் பிடித்த முடிவொன்றை எழுதித் தாரும்.

மாமியினதும் என்னுடையதும் ஆசிகள் உமக்கு என்றும் உண்டு.

அன்பு மாமா,
சிவபாதம்

பி.கு.: பஸ் ஏற வேண்டாம். முடிவு சரிவந்துவிட்டது. வீட்டுக்காரரை விட்டுவிட்டு, கதையைத் திருத்தியவரைக் கூட்டிப்போகிறார். "இது பலம்" என்றார். கதிரை காய்ந்துவிட்டது. உம்முடைய விலாசம் கேட்டார், மாமியை நினைத்துக் கொடுத்துவிட்டேன், மன்னியும். ஒரு தரம் மட்டும் கூப்பிட்டால் ஓம் போடாதையும். உங்கள் தொடர்மாடியில் எல்லாரும் மணியை ஒரு தரம்தானே அடிக்கிறார்கள், அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.