ஏசி அறைக்குத் தகுதியானவர்

எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு ஏசி இருந்தது. அது எங்களுக்காக வைத்ததில்லை. 'கணினியின் நலன் கருதி' என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். கணினி அனுபவித்தது போக மிச்சக் காற்றை ஊழியர்கள் அனுபவிக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. அனுபவிக்கக் கூடாது என்றும் எழுதவில்லை. ஆபீசில் இதற்குப் பேர்தான் சலுகை.

அந்த ஏசிக்கு நேர் கீழே என் நாற்காலி. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு உடம்பு தானாகவே அடுப்பு மூட்டிக்கொள்ளும். கூப்பிடாமல் வரும், கழுத்திலிருந்து காதுவரை தகதகவென்று ஏறும், மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தாலும் நிற்காது. மாடியில் கண்காணிப்பாளர் பதவி காலியானபோது எனக்குத்தான் கொடுத்தார்கள். மாடியில் வெறும் மின்விசிறிதான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"பதவியைத் தூக்கிப் போட்டுட்டு ஏசியக் கட்டிக்கிட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவர் உடம்பிலா அடுப்பு எரிகிறது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் எங்கள் அதிகாரி ஏதோ கூட்டத்துக்காகப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் டீயைத் தொடவில்லை.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"அங்க கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓடுதும்மா. குழாய் வச்சு, நீல லைட்டுப் போட்டு, கண்ணாடி வழியாத் தெரியுது. நம்ம கம்ப்யூட்டருக்குள்ள என்ன ஓடுது? கரப்பான் பூச்சி ஓடுது."

"ஆனா ஒழுங்கா வேலை செய்யுதே சார்."

"வேலை செஞ்சா போதுமா? பாக்கறவங்களுக்கு ஒரு மதிப்பு வர வேணாமா?"

எங்கள் கணினியின் வேலை என்னவென்றால், பிறந்தவர் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி. செத்தவருக்கும் ஏறக்குறைய அதேதான். சூடாவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் 'இடையறாத உயர்வெப்பப் பணிச்சூழலைக் கருத்திற்கொண்டு' என்று கோப்பில் எழுதி, திரவக் குளிரூட்டல் கணினி ஒன்றை வாங்கியேவிட்டார்.

மாட்ட வந்த மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"தம்பி, தண்ணியும் கரண்ட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கே. ஒழுகாதா?"

"ஒழுகாதுக்கா. ரொம்ப நம்பகமான சிஸ்டம்."

"ஒழுகினா?"

"அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு."

"அதுக்கா, எனக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதிகாரி சும்மா இருப்பாரா? நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி, திரையையும் விசைப்பலகையையும் மட்டும் வெளியே விட்டு, கணினியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தூசி படக் கூடாதாம். முக்கியமாக எங்கள் கை படக் கூடாதாம்.

அப்புறம் தணிக்கைக்காரர் வந்தார். குரலையே உயர்த்தாத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"இந்த ஏசி யாருக்கு?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கு சார்" என்றார் அதிகாரி.

"கம்ப்யூட்டர் எதால குளிருது?"

"திரவத்தால சார். அதிநவீனம்."

"அப்ப ஏசி எதுக்கு?"

'எங்களுக்கு' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்களுக்கு ஏசி கிடையாது என்பதுதானே உத்தரவு. அந்த வாரமே ஏசியைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். சுவரிலிருந்த ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, ஏசியை நம்பிப் பதவியைக் கைவிட்டவள் நான்.

ஒரே நம்பிக்கைதான் மிச்சம். அந்தக் கணினி ஒழுக வேண்டும். ஒழுகினால் பழையதைக் கொண்டுவருவார்கள், பழையது வந்தால் அதன் பின்னாலேயே ஏசியும் வரும். தினமும் காலையில் நானும் டைப்பிஸ்ட் பொண்ணும் கண்ணாடிப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்போம்.

"ஒரு சொட்டாவது தெரியுதா?"

"காஞ்சு கெடக்குக்கா."

தண்ணீர்க் கணினியை நம்பாதே, என்றைக்கிருந்தாலும் ஒழுகும் என்று ஆளாளுக்கு எச்சரிக்கிறார்கள். அப்படிப்பட்ட பொருள், என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளவென்றே, பாறை மாதிரி நம்பகமாக இருந்தது. மனிதர்களில்தான் நம்பினவர்கள் கழுத்தறுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

வெயில் உச்சத்துக்கு ஏறிய ஒரு மத்தியானம், பாதிச் சான்றிதழில் கணினி தானாக அணைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"ஒழுகிடுச்சா?" என்று டைப்பிஸ்ட் பொண்ணிடம் கேட்டேன்.

"இல்லக்கா, சூடு தாங்கல. இதுல ஓடற தண்ணி குளிர உண்டாக்காது. உள்ள இருக்கற சூட்டை எடுத்துட்டு வந்து வெளிய தள்ளும், அவ்வளவுதான். நம்ம சார் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்காரு. சூடு எங்க போகும்? பெட்டியத் தொறந்து வச்சாலே போதும்."

"அடியே, வாய மூடு" என்றேன். "பெட்டியத் தொறந்தா கம்ப்யூட்டர் ஓடும். கம்ப்யூட்டர் ஓடினா ஏசி எப்படி வரும்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் பேனாவைத் திறந்தேன். 'மேற்படி கணினியின் திரவக் குளிரூட்டலின் நம்பகத்தன்மையானது அறையின் மிகை வெப்பத்தால் ஐயத்துக்குள்ளாகியிருப்பதால், அறையைக் குளிர்விக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டப்படுகிறது.' என் பணிக்காலத்தில் இவ்வளவு அழகாக நான் எழுதியதே இல்லை.

தணிக்கைக்காரரே நேரில் வந்தார், கையில் ஒரு வெப்பமானியோடு.

"அறைக்குள்ள சூடு எங்கேர்ந்து வருது?"

"வெயில்லேர்ந்து சார்" என்றேன்.

"வெயில் நம்ம நிர்வாகக் கட்டுப்பாட்டுல இல்ல. வேற?"

அவர் எங்களையே பார்த்தார். மெதுவாக ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"மனுஷ உடம்பு பல்பு மாதிரி சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும், தெரியுமா?" என்று சொல்லி, வெப்பமானியை ஒவ்வொருவர் நெற்றிக்கு நேராகவும் நீட்டினார். என் முறை வந்தபோதா அந்தப் பாழாய்ப்போன அடுப்பு மூள வேண்டும்? முகமெல்லாம் சிவந்து, வேர்த்து ஒழுக நின்றேன். வெப்பமானி கீச்கீச் என்று கத்தியது. அவர் என் பெயருக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

உத்தரவு வந்தது. என் வேண்டுகோள் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தது. ஏசி திரும்ப வரும். கூடவே, 'அறையிலுள்ள வெப்ப மூலங்களாகிய ஊழியர்கள் உடனடியாக வராந்தாவுக்கு அப்புறப்படுத்தப்பட வேண்டும்.'

"நான் அதிகாரி" என்றார் எங்கள் அதிகாரி.

"நீங்களும்தான் சுடறீங்க" என்றார் தணிக்கைக்காரர்.

இப்போது கணினி ஏசி அறையில் நீல விளக்குப் போட்டுக்கொண்டு தனியாக, சவுக்கியமாக இருக்கிறது. சுவரில் ஒரு துளை போட்டு ஒயரை இழுத்து, திரையையும் விசைப்பலகையையும் வராந்தாவில் வைத்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் வேகிறோம். அதிகாரி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கோப்பை விசிறியாக்கிக்கொள்கிறார். முதன்முறையாக அவர் ஒரு கோப்பைக் கையில் எடுத்திருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும்.

"அக்கா, இப்பவாவது பெட்டியத் தொறக்கச் சொல்லட்டுமா?" என்றாள் டைப்பிஸ்ட் பொண்ணு.

"சொன்னா நம்மள உள்ள விடுவாங்கன்னா நெனைக்கற? ஏசியத்தான் மறுபடி கழட்டுவாங்க."

போன வாரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தாள். வரிசை வராந்தாவைத் தாண்டி வாசல்வரை நீண்டிருந்தது. குழந்தை வெக்கையில் வீறிட்டு அழுதது. அவள் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

"மேடம், அந்த ரூம் காலியாத்தானே இருக்கு? குழந்தைய வச்சுக்கிட்டுச் செத்த நேரம் உள்ள உக்காரட்டுமா?"

எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு மனசு இல்லாமல் இல்லை. ஆனால் யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் பேசிவிட்டது.

"குழந்தை உடம்பு சூடும்மா. உள்ள விட முடியாது."

இதோ, இப்போது வரிசை மொத்தமும் என்மேல் பாயப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் பாயட்டும் என்றுகூட இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார்:

"மேடம் சொல்றது சரிதாம்மா. மிஷினு சூடாயி நின்னு போச்சுன்னா யாருக்கு நஷ்டம்? நமக்குத்தானே. ஜன்னல்கிட்ட நின்னு மூச்சு விடாதீங்க, கண்ணாடி வழியா உள்ள சூடு போகும்."

அந்தப் பெண் பதறிப்போய் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசை முழுக்க ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் வெயிலில் நின்றது. நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.