கற்பூரம் அண்ணனும் தங்க ஷூவும்

பழமலைநாதர் கோயிலைவிடக் கூடுதலாகக் கற்பூரம் எரிந்த இடம் விருத்தாசலத்தில் ஒன்று உண்டென்றால், அது நான் வர்ணம் பூசிக்கொண்டிருந்த பீங்கான் பட்டறைதான். எல்லாம் எங்கள் சூளைக்காரரின் கைங்கரியம். சூளை பற்ற வைக்கக் கற்பூரம், திறக்கக் கற்பூரம், கரண்டு போனால் அதற்கும் ஒன்று. அவர் பெயரே கற்பூரம் அண்ணன் என்றாகிவிட்டது. செருப்புக் காலோடு யாராவது உள்ளே வந்தால் தொலைந்தார்கள். சோதனைக்கு வந்த அதிகாரியையே சாக்ஸோடு நிற்க வைத்தவர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. மூடிவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்த நேரத்தில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கூடவே மாதிரிக்கு ஒரு ஜோடி ஷூ. எண்பது வருஷத்துக்கு முன்னால், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, முழங்காலளவு கவுனில் ராத்திரி விருந்துகளில் ஆட்டம் போட்ட வெள்ளைக்காரப் பெண்களுடையது. தங்க நிறப் பட்டு, வளைந்த குதி, குறுக்கே கல் பதித்த வார். அலமாரியில் வைக்க அதே போலப் பீங்கானில் வேண்டுமாம். இதுவும் கைநழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான்.

கற்பூரம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "செருப்ப சூளையில வெக்கச் சொல்றீங்களா? வேற ஆளப் பாருங்க."

"அண்ணே, அது பொம்மைண்ணே!" என்றார் முதலாளி.

"குதி இருக்குது, வாரு இருக்குது. யாருக்குக் காது குத்துறீங்க?"

முதலாளிக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்த அண்ணன், ஷூவை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். உள்ளே கட்டைவிரல் அழுந்திய பள்ளம் இருந்தது.

"ஏம்மா, இந்தம்மா என்னா ஆட்டம் ஆடியிருக்காங்க பாரேன்!" என்றார் என்னிடம். பிறகு தீர்ப்புச் சொன்னார். "கால் படாத வரைக்கும் அது செருப்பு இல்ல. நாம செய்யறத வேக வெச்சிடலாம். ஆனா இது ஒருத்தங்க போட்டு நடந்தது. உள்ள வரக்கூடாது."

அச்சுக்காரர் வாசலில் உட்கார்ந்தே களிமண்ணில் உருவம் பிடித்தார். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க நான் உள்ளுக்கும் வெளிக்கும் ஓடினேன். எங்கள் ரப்பர் செருப்புகளுக்கு நடுவே அந்த ஜோடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நாய் தூக்கிவிடுமோ என்று முதலாளி காவல் இருந்தார்.

சூளை திறந்தபோது ஒன்றுகூட விரிசல் இல்லை. பட்டறை பிழைத்தது.

மாதிரியைத் திருப்பி அனுப்பப் பெட்டியோடு வாசலுக்குப் போனேன். எங்கள் செருப்புகள் கழற்றிய வாக்கில் கிடந்தன. அந்த ஷூ மட்டும் ஜோடி சேர்ந்து, தெருவைப் பார்த்து இருந்தது.

"யாருண்ணே திருப்பி வெச்சது?"

"நாந்தான். அந்தம்மா கெளம்பறப்ப கால வுட்டுக்க சவுரியமா இருக்கட்டுமேன்னு."

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபோது, இந்த மனுஷன் என் கூடப் பிறந்த அண்ணனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.