கரடியின் கை குறித்து மாப்பிள்ளைக்கு

என் மேல் கோபமாக இருக்கும், இருக்க எல்லா நியாயமும் உள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் தயங்கித் தயங்கி எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் உங்கள் மகள் சிட்டுக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். மூன்று மாதமாக நீங்கள் போனை எடுக்காததால் வேறு வழியில்லை.

நான் செய்தது தப்பு. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் பொம்மைக் கம்பெனியின் ஒப்புதல் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவனுக்கு, அந்தச் சொல்லை அடுத்தவர் வேலைக்குப் பக்கத்தில் எழுதித்தான் பழக்கம். கரடிப் பொம்மை வாங்கினால் பெட்டியோடு கார்ட்டூன் படத்தின் டிவிடி இலவசம் என்று கம்பெனி முடிவெடுத்தபோது, என் தங்கை வீட்டுக்காரர் நன்றாகப் படம் வரைவார் என்று மேலாளரிடம் சொன்னவனே நான்தான். தியேட்டர் வாசலையே மிதிக்காத படத்துக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "மச்சான், தியேட்டருக்குப் போற படத்தை ஆளாளுக்கு வெட்டுவாங்க. பொம்மைப் பெட்டிக்குள்ள போடுற படத்தை எவன் பாக்கப் போறான்? கரடியைக் காட்டணும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் நம்ம இஷ்டம். இதைவிட சுதந்திரம் எங்க கிடைக்கும்?" என்றீர்கள். பார்க்கப் போகிறவன் எதிரிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

நம் கரடியின் இடது கைத் தையல் மூன்றாம் மாதம் விட்டுப்போகும் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும், வெளியே மூச்சு விடமாட்டோம். சிட்டுவின் கரடிக்கும் அப்படித்தான் போயிற்று. காய்ச்சலில் கிடந்தபோது அவள் கரடியை விட்டுவிட்டுக் கழன்ற கையை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்துத்தானே நீங்கள் கதையே எழுதினீர்கள்? கரடி தன் கையைத் தேடி வீடு முழுக்க அலைகிறது, கட்டிலுக்கடியில் புகுகிறது, துணி மூட்டையில் விழுகிறது, கடைசியில் கை ஒரு குழந்தையின் பிடியில் இருக்கிறது. கரடி அதை எடுக்காமல் திரும்பிப் போகிறது. அந்த இடத்துக்குக் குரல் கொடுக்க ஆள் வரும்வரை சும்மா வாசித்துப் பதிவு செய்து வையுங்கள் என்று, வெளிச்சத்தம் வராத துணி அலமாரிக்குள் என்னை நிறுத்தினீர்கள். "இருக்கட்டும், தூங்கட்டும். எனக்குத்தான் இன்னொரு கை இருக்கே" என்று நானும் வாசித்தேன், நடுவில் இருமினேன். வெளியே வந்தபோது என் கண் கலங்கியிருந்தது. அலமாரித் தூசி என்று உங்களிடம் சொன்னேன். தூசி இல்லை மாப்பிள்ளை.

அப்படிக் கண் கலங்கிய அதே ஆள்தான் மறுநாள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பத்து மூன்று திருத்தம் எழுதினான். அந்த நாற்காலியில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. எங்கள் பொம்மையின் கை கழலாது, கழன்றதாகக் காட்டக்கூடாது, எல்லாக் காட்சியிலும் கையை ஒட்டுக. கரடி அழுக்காகக்கூடாது, துணி மூட்டையைத் துவைக்க. கடைசிக் காட்சி சோகம், அதற்குப் பதிலாகத் தீயணைப்பு வண்டி நாற்பது விநாடி சங்கு ஊதட்டும், அதுவும் நம் தயாரிப்புதானே. நீங்கள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் போனபிறகு வேறு ஆட்களை வைத்துத் திருத்தி முடித்தேன்.

அதோடு விட்டேனா? லீவுக்கு வந்த சிட்டுவை உட்காரவைத்துப் பெருமையாகத் திருத்திய படத்தைப் போட்டுக் காட்டினேன். "மாமா, கரடிக்கு ரெண்டு கையும் இருக்கே?" என்றாள். இருக்கும் கண்ணு, நல்ல கரடி என்றேன். "அப்புறம் எதுக்கு அது வீடு பூரா அலையுது? என்னத்தத் தேடுது?" என்றாள். மாப்பிள்ளை, நாற்பத்து மூன்றில் ஒரு திருத்தம் எழுதும்போதுகூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. நாற்பது நிமிடம் ஒரு கரடி எதையும் தொலைக்காமல் தேடுகிறது, கடைசியில் வண்டி வந்து சங்கு ஊதுகிறது. வண்டிச் சத்தத்தில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வாரம் தங்கை பேசினாள். "அண்ணா, அவரு இப்ப டைல்ஸ் கடைக்குப் பூ வரையறாரு. ஒரே பூ, நாலு கலர். வீட்டுக்கு வந்தா பென்சிலைத் தொடறதே இல்ல" என்றாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. படம் கடைகளுக்குப் போய்ப் பத்து நாளாகிறது, இனி நான் தலைகீழாக நின்றாலும் திருத்த முடியாது. உங்கள் படத்தைக் கொன்றவன் நான். மன்னிக்கக்கூட வேண்டாம், திரும்ப வரைய ஆரம்பியுங்கள். அந்தப் பூவையே வரைஞ்சு வரைஞ்சு உங்க கை மரத்துப் போயிடக்கூடாது. அது என்னால ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்.

நீங்களும் குடும்பமும் எந்தத் தையலும் பிரியாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். சிட்டுவுக்கு என் முத்தம், அவள் வாங்கிக்கொண்டால்.

இப்படிக்கு,
தலை குனிந்தபடி,
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மேலாளர் போனில் கூப்பிட்டார். டிவிடி அச்சடிக்கும் இடத்துக்குப் போன டிஸ்க் மாறிவிட்டதாம். ஒப்புதல் ஸ்டிக்கரை நான் உங்கள் திருத்தாத படத்தின் மேல் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஸ்டிக்கர் ஒரு நூல் கோணலாக இருந்தாலே பெட்டியைத் திருப்பி அனுப்புகிற நான்! ஆக, பத்து நாளாகக் கடைகளில் இருப்பது உங்கள் படம்தான், கழன்ற கையோடு, என் இருமலோடு, முழுசாக. மேலே கேட்ட மன்னிப்புக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று, ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை. யாரோ ஒரு அம்மா கம்பெனிக்குப் போன் செய்து, அவங்க பொண்ணு புதுக் கரடியோட கையைத் தானே பிடுங்கி அணைச்சுக்கிட்டுத் தூங்கறா என்றாராம். எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்து எழுந்து நின்றுகொண்டு கேட்டேன். "பெட்டி நல்லா விக்குது, ரெண்டாம் பாகம் வேணும்யா. அதே ஆள்தான் எழுதணும். குரலும் அதே குரல், அந்த இருமலோட" என்றார் மேலாளர். மாப்பிள்ளை, வசனத்தை அனுப்புங்கள். இந்தத் தடவை நான் வாசிக்க மட்டும் செய்கிறேன்.