செய்வினைச் சர்பத்

எங்கள் ஆபீஸ் பியூனுக்குப் பயந்து பிசாசுகள் புதுக்கோட்டைச் சீமையையே காலி செய்துவிட்டன. இதைச் சொன்னவரும் அவரேதான்.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த புதிது. ஒரு தாலுகா ஆபீசில் நான் புதுக் குமாஸ்தா. அவர் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர். ஞானஸ்நானப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'வெளியேவா'. எது கோளாறானாலும் அதற்குள் பிசாசு புகுந்துவிட்டது என்பார். சிலுவை போட்டுக்கொண்டு, "சேசு நாமத்துல சொல்றேன், வெளிய வாடா!" என்று ஒரு அதட்டல். டைப்ரைட்டர் மக்கர் செய்தாலும் அதட்டல்தான், குடை விரியாவிட்டாலும் அதட்டல்தான். ஒருநாள் திறக்காத பீரோவைப் பார்த்துக் கத்தினார். பீரோ அசையவில்லை. பக்கத்து அறையிலிருந்து தாசில்தார் வந்தார்.

"யாரைய்யா வெளிய வரச்சொன்ன?"

"ஒங்களை இல்லீங்க எசமான். உள்ள இருக்கறதை..."

"நான்தானய்யா உள்ள இருந்தேன்!"

அப்புறம் கொஞ்ச நாள் வெளியேவா அந்தப் பீரோப் பக்கமே போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹெட்கிளார்க்கின் மேஜைக்கடியில், குங்குமம் தடவி ஊசி குத்திய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. செய்வினை! வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பார்த்த மாத்திரத்தில் நாற்காலிமேல் ஏறிக்கொண்ட ஹெட்கிளார்க்கைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அனுப்பினோம். மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார். கஞ்சிகூட இறங்கவில்லை. ஆபீஸ் கூட்டுகிறவள் அந்த மேஜையை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள்.

ஒருநாள் ஹெட்கிளார்க்கின் மனைவி ஆபீசுக்கு வந்து அழுதார். "வைத்தியரு கையை விரிச்சுட்டாருங்க. எங்க வீட்டுக்காரரு, அந்தப் பழம் காஞ்சா என் உசுரும் காஞ்சிரும்ங்கறாரு."

வெளியேவா குனிந்து பழத்தைப் பார்த்தார். தோல் சுருங்க ஆரம்பித்திருந்தது.

"காயக் கூடாது, அம்புட்டுத்தானே ஆத்தா? ஐயாவ வண்டியில கூட்டியாங்க."

ஹெட்கிளார்க் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். அவர் கண்ணெதிரே வெளியேவா பழத்தை எடுத்தார், ஊசிகளைப் பிடுங்கினார், கழுவினார், நறுக்கினார், தம்ளரில் பிழிந்து சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

"வேணாம்ப்பா, செத்துப்போவே!" என்று அலறினார் ஹெட்கிளார்க்.

"எங்க ஆண்டவரு பாத்துக்குவாரு. வெளிய வாடா!" என்று ஒரே மடக்கு.

வெளியே வந்தது ஒரு ஏப்பம்.

எல்லோரும் அவர் விழுவதற்காகக் காத்திருந்தோம். அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஹெட்கிளார்க் வெகுநேரம் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல ரசம் இருக்கா?"

நான் கொல்லைக்கு ஓடினேன். வேப்பமரத்தடியில் வெளியேவா உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை, மணியை உருட்டிக்கொண்டே செபம் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதும் என்னை 'ஐயா' என்பவர், "தம்பி, செத்த பக்கத்துல ஒக்காருங்க," என்றார். "ஆண்டவரு கைவிட மாட்டாரு. இருந்தாலும் பயமாத்தான் இருக்கு."

"பயமா இருந்தா ஏங்க குடிச்சீங்க?"

"எனக்கு ஆண்டவரு இருக்காரு. ஐயா பாவம், அந்தப் பழத்தை மட்டுந்தானே நம்பிக்கிட்டுக் கெடந்தாரு?"

அவர் செபமாலையைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். எனக்குத் தெரியாத அந்தச் செபத்துக்கு, அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஆமென் சொல்லிக்கொண்டு.