மோர் புளிப்பதற்குள்

காளிச்சாமி, செத்துப்போன பெண்டாட்டியை நேற்றும் திட்டிவிட்டார்.

கனவில்தான். விடியக்காலம், கோழி கூவுகிற நேரத்துக்குப் பாவாத்தாள் மோர்ச் சொம்போடு வந்து நின்றாள். இவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது. இத்தன வருசமாச்சு, ஒரு மோரு ஒழுங்கா ஊத்தத் தெரியல" என்றார். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். விழித்ததும் கட்டிலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளை 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. இது முதல் தடவையும் இல்லை.

பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் சங்கு ஊதுகிற வேலை காளிச்சாமிக்கு. அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தால்தான் ஆட்கள் உள்ளே போவார்கள், சாப்பிட வருவார்கள், வீட்டுக்குக் கிளம்புவார்கள். பாவாத்தாளும் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் தூக்குப்போசியில் சோறும் சொம்பில் மோருமாக மில்லுக்கு ஓடிவருவாள். கடைசியாக வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அது இவருக்குத் தெரியவில்லை. மோர் புளித்தது மட்டும் தெரிந்தது. நாலு பேர் பார்க்க அதைச் சாக்கடையில் கொட்டினார். அந்த வாரமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

'மோர் நல்லாயிருக்குது' என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவேண்டும். அதற்குக் கனவை விட்டால் அவருக்கு வேறு இடமில்லை. கனவிலோ அவள் செத்துப்போனதே ஞாபகம் வருவதில்லை. வாயும் பழைய வாயாகவே இருந்தது.

வெட்கத்தை விட்டுக் கம்பவுண்டர் திருமலைசாமியிடம் போய்ச் சொன்னார்.

"கனவுக்குள்ள இருக்கறப்பவே இது கனவுன்னு தெரியோணும். அதத்தானுங்களே கேக்கறீங்க?"

"அதேதானுங்க."

"ஊட்டியில நான் வேலை பாத்த தொரை ஒருத்தரு இதைப் பண்ணுவாருங்க. வெடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப்போடோணும். சித்த நேரம் முழிச்சிருந்து, 'இனி வர்றது கனவு, இனி வர்றது கனவு'ன்னு சொல்லிக்கிட்டே மறுக்காப் படுக்கோணும். அவ்வளவுதான்."

"யாருங்க எழுப்பறது?"

"அது உங்க பாடுங்க."

பால் ஊற்ற வரும் சென்னியம்மாளைப் பிடித்தார். பாவாத்தாளை அக்கா, அக்கா என்று சுற்றிவந்தவள் அவள்.

"கோழி கூவறதுக்கு முன்னால கதவத் தட்டி எழுப்பிவுட்டுரு அம்மணி."

"அத்தன நேரத்துலயே எதுக்குங்க மாமா?"

"மில்லுல வேலை நெம்பிக் கெடக்குது."

நிஜத்தைச் சொன்னால் சிரிப்பாளோ அழுவாளோ, யார் கண்டது. அவள் சொன்னபடி வந்து தட்டினாள். இவர் எழுந்தார், முழித்திருந்தார், சொல்லிக்கொண்டார், படுத்தார். கனவு வரவில்லை. தூக்கம்தான் வந்தது, அதுவும் கும்பகர்ணத் தூக்கம். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மில்லுக்கு ஓடியபோது ஆட்களெல்லாம் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து வேப்பங்குச்சி மென்றுகொண்டிருந்தார்கள்.

மேனேஜர் சென்னகிருஷ்ணன் கோபக்காரர் இல்லை. "காளிச்சாமி, இன்னைக்குச் சூரியன் உன்னைய முந்திக்கிட்டாரு" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து தூங்கிவிடக்கூடாது என்று விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். பாவாத்தாளும் வரவில்லை.

"அப்படீன்னா பகல்ல குட்டித் தூக்கம் போடோணுங்க" என்றார் கம்பவுண்டர். "அதுலதான் கனவு மேலாப்புல மெதக்கும்."

சங்கு அறையில் சாக்கை விரித்துப் படுத்தார். மிஷின்களுக்கு எண்ணெய் விடும் அங்கப்பனிடம், சாப்பாட்டுச் சங்குக்கு முன்னால் எழுப்பச் சொல்லியிருந்தார். கனவு வந்தது. அதில் எப்போதோ விற்றுப்போட்ட காளை மாடு வந்தது, பழைய மணியக்காரர் வந்தார், பாவாத்தாள் மட்டும் வரவில்லை. கண் விழித்தபோது மில் முழுக்கப் பசியில் முனகிக்கொண்டிருந்தது. சங்குக்குக் காத்திருந்து அலுத்துப்போய் வந்த பெண்டுகள் கேட்டுக்கு வெளியே ஆறிப்போன தூக்குப்போசிகளோடு நின்றார்கள்.

"ஏன்டா எழுப்பலே?"

"கொழந்தையாட்டத் தூங்குனீங்க. எழுப்ப மனசு வரலீங்க" என்றான் அங்கப்பன்.

காளிச்சாமி மேனேஜரிடம் கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டார். மேனேஜர் அதை நம்பி, கடிகாரத்தைச் சரிபார்க்கும்படி அங்கப்பனிடம் சொல்லிவைத்தார். வினை அங்கே பிடித்தது. ஏனென்றால் அன்று சாயங்காலம் கம்பவுண்டர் இன்னொரு யோசனை சொல்லிக்கொடுத்தார்.

"கனவுல கடிகாரம் ஒரு நெலையா நிக்காதுங்க. ஒருக்காப் பாத்தா ஒரு மணி காட்டும், மறுக்காப் பாத்தா வேற மணி. அப்படி மாறுச்சுன்னா கனவுன்னே முடிவு பண்ணிக்குங்க."

மறுநாள் காலையில் சங்கு அறைச் சாக்கில் கண் சொக்கிக் கிடந்த காளிச்சாமி சுவரைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. இமை தாழ்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தார். அந்த நேரம் பார்த்து அங்கப்பன் ஸ்டூலில் ஏறி, சரிபார்க்கிறேன் என்று முதல் நாள் தானே தப்பாகத் திருகியிருந்த முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். காளிச்சாமி மறுபடி பார்த்தார். மணி பத்து.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கனவேதான். இத்தனை நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது. சங்கைக் கேட்டால் பாவாத்தாள் வராமல் இருப்பாளா? எழுந்து சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்தார்.

மிஷின்கள் நின்றன. ஆட்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். சுற்றுப்பட்டு வீடுகளில் பெண்டுகள் அரைவேக்காட்டுச் சோற்றை வடித்தார்கள். மேனேஜர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"காளிச்சாமி, மணி என்னன்னு தெரியுமா?"

"அது எப்படியோ போகுதுங்க. நீங்க கனவுல வந்த மேனேஜரு, உங்களுக்கு நான் பயப்படமாட்டேன். சித்த அப்பால நில்லுங்க, ஊட்டுக்காரி வார நேரம்."

மேனேஜர் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. வெயிலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெண், கையில் தூக்குப்போசியும் சொம்பும். காளிச்சாமி பாய்ந்து போய்ச் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். புளிப்பு காதுவரைக்கும் ஏறியது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"மோரு நெம்ப நல்லாயிருக்குது பாவாத்தா. புளிக்கவே இல்ல. அன்னைக்கு நான் கொட்டியிருக்கக் கூடாது. உனக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியாது."

"அது முந்தாநேத்து மோரப்பா" என்றது ஒரு கிழக்குரல். "சங்கு ஊதிப்போச்சேன்னு அவசரத்துல பானை மாத்தி ஊத்திக்கிட்டு வந்துட்டேன்."

மேனேஜரின் அம்மா பங்காரம்மா. மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் காளிச்சாமிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்ட வாயெடுத்த மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, என்றைக்கும் இல்லாத மரியாதையோடு, "ஒரு வாரம் ஊட்டுல இருந்து நல்லாத் தூங்கிட்டு வாங்க. சங்கை அங்கப்பன் பாத்துக்குவான்" என்றார்.

காளிச்சாமி வீட்டுக்கு வந்து படுத்தார். தூக்கம் வரவில்லை. கலைத்துக் கலைத்துப் பழக்கியதில் அது ஒரேயடியாகக் கோபித்துக்கொண்டு போய்விட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, ஆனால் யாரிடமோ சொல்லியாகிவிட்டது.

விடியக்காலத்தில் சென்னியம்மாள் கதவைத் தட்டக் கை ஓங்கியபோது அவரே திறந்தார்.

"இனிமே எழுப்ப வேண்டாம் அம்மணி. தானாவே முழிப்பாத்தான் இருக்கறேன்."

அவள் பாலை ஊற்றினாள். ஊற்றிவிட்டும் போகாமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நேத்து என்ற கனவுல அக்கா வந்துச்சுங்க, கையில சொம்போட. 'தெனமும் வெடியால ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறேன் கண்ணு, மோரு புளிக்கறதுக்குள்ள குடுத்துப்போடலாம்னு பாத்தா, அந்த மனுசன் தூங்கவே மாட்டேங்கறாரு'ன்னு ஒரே அழுகைங்க."