நாற்பத்தேழாம் நம்பர் புளியமரம்

டேப்பின் ஒரு முனை சிவசங்கர் கையில் இருந்தது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம் இருபது அடி தள்ளிப் போய் நின்றார். அந்த இடத்தில் மரம் இருந்திருக்க வேண்டும்.

"மரம் எங்கய்யா?"

"மறியல்ல வெட்டி ரோட்ல போட்டுட்டாங்க சார்."

"அடிக்கட்ட?"

"அதயும் தோண்டி எடுத்துக்கினு போயிட்டாங்க. தீவாளிப் பலகாரத்துக்கு வெறகு வேணும் இல்லீங்களா."

சிவசங்கர் ஓட்டல்களுக்கு லைசென்ஸ் தரும் அதிகாரி. கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் சாலையில் பொன்னுரங்கம் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையைப் பார்வையிட வந்திருந்தார். மனுவோடு வைத்த வரைபடத்தில், 'ஓட்டல், 47ஆம் எண் புளியமரத்துக்கு வடக்கே இருபது அடி' என்று தெளிவாக எழுதியிருந்தது. செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த மறியலில் அந்தச் சாலையின் மரங்களில் பாதி போய்விட்டன. வரைபடத்தில் மட்டும் எல்லா மரமும் நின்றுகொண்டிருந்தது.

"நாப்பத்தெட்டு இருக்குதுங்க. அதுலேர்ந்து அளந்துக்கலாங்களா?"

"நாப்பத்தெட்டுலேர்ந்து அளந்தா அது வேற ஓட்டல்," என்றார் சிவசங்கர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "இங்க மரம் இருந்துச்சுன்னு வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கிக்கினு வா."

பொன்னுரங்கம் இருபது வருஷம் அடுத்தவர் கடையில் தோசை சுட்டவர். இப்போது அந்த வேலையையும் விட்டுவிட்டார். அவர் மனைவி தைலம்மாள் புது இட்லிக் குண்டானுக்குப் பொட்டு வைத்து ஒரு மாதம் ஆகிறது. இடத்துக்காரரோ, கார்த்திகை முதல் தேதிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் இடத்தைச் சைக்கிள் கடைக்கு விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். பாவம், பொன்னுரங்கம் அன்றைக்கே வி.ஏ.ஓ. ராமசாமியைப் பார்க்க ஓடினார்.

ராமசாமி நெடுநேரம் யோசித்தார். "இருக்கற மரத்துக்கு சர்டிபிகேட் குடுக்கலாம். செத்துப்போன மனுஷனுக்கும் குடுக்கலாம். செத்துப்போன மரத்துக்கு ஃபாரம் இல்லியே."

"வெள்ளத் தாள்ல எழுதிக் குடுத்தா போதுங்க."

ராமசாமி எழுதினார்: 'மேற்படி மரம் இருந்தது. இப்போது இல்லை. இது பற்றிய முழு விவரமும் மனுதாரர் அறிவார்.'

கடைசி வாக்கியத்தை எதற்குப் போட்டார் என்று தெரியவில்லை. தாளில் இடம் மிச்சம் இருந்திருக்கும்.

சிவசங்கர் சரியாக அந்த வாக்கியத்தில் விரலை வைத்தார். "முழு விவரமும் தெரியுமாமே. அது கவர்மெண்டு மரம்யா. போலீஸ்ல போய்ச் சொல்லி, புகார் நகல் வாங்கிக்கினு வா."

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்: "வெட்டும்போது நீ பாத்தியா?"

"பாத்தேங்க. நெறைய பேரு இருந்தாங்க."

"நீ இன்னா பண்ண?"

பொன்னுரங்கத்துக்குப் பொய் வராது. "வெய்யில் ஜாஸ்திங்க. நானும் எங்க வூட்லயும் மோர் குடுத்தோம்."

"மரம் வெட்டுனவனுக்கா?"

"அவங்களுக்குங் குடுத்தோம். தொரத்திக்கினு வந்த போலீசுக்குங் குடுத்தோம்."

ரைட்டர் பேனாவை மூடினார். பிறகு திறந்து, போலீசை விட்டுவிட்டு மீதியை எழுதினார். புகார் நகல் கைக்கு வந்தபோது பொன்னுரங்கம் 'மரம் வெட்டியவர்களுக்கு மோர் வழங்கியவர்' ஆகியிருந்தார்.

சிவசங்கர் அதை இரண்டு முறை படித்தார். "லைசென்ஸ் இல்லாமயே யாவாரம் பண்ணியிருக்க."

"காசு வாங்கலைங்க."

"சும்மா குடுக்கறதுக்கு வேற லைசென்ஸ்."

கார்த்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் சிவசங்கரின் வீட்டுக்கே போய்விட்டார். பின்கட்டுக்கு வரச் சொன்னார்கள். அங்கே வண்டிக்கார முனியன், தான் கொண்டுவந்து போட்ட விறகைப் பிளந்துகொண்டிருந்தார். சிவசங்கரின் மனைவி அம்சவள்ளி, ஓரமாகக் கிடந்த ஒரு பெருங்கட்டையைக் காட்டி, "உக்காருங்க, அவரு குளிக்கிறாரு," என்றாள்.

சிவசங்கர் துண்டோடு வந்தார். பொன்னுரங்கம் பதறி எழுந்தார்.

"உக்காரு, உக்காரு."

"நான் இன்னாதாங்க சார் பண்றது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவசங்கருக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. "மரம் போனா போவுது. வெள்ளப் பெயிண்ட்ல நாப்பத்தேழுன்னு நம்பர் போட்ட கட்ட எங்கியாவது கெடக்குமில்ல? அதக் கண்டுபுடி. அன்னிக்கே லைசென்ஸ் தரேன்."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டையில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

அடுத்த ஐந்து நாளும் வீடு வீடாகப் போய், "நாப்பத்தேழு இருக்குதுங்களா?" என்று கேட்டார். எலவனாசூர்கோட்டையில் இருக்கும் மச்சான் வீட்டு விறகையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். ஒரு ஊர் அவரைப் போலீஸ் ஆள் என்று நினைத்தது. இன்னொரு ஊர் விறகு திருட வந்தவர் என்று நினைத்து ஸ்டேஷனில் சொல்லிவிட்டது.

கார்த்திகை பிறப்பதற்கு முதல் நாள், சிவசங்கர் ஒரு போலீஸ்காரரோடு கொட்டகைக்கு வந்து இறங்கினார். முனியன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தைலம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊரு ஊராப் போய்க் கட்டயத் தேடறியாமே?"

"நீங்கதான சார் தேடச் சொன்னீங்க."

"நான் சொன்னா தேடிடறதா? பதுக்குனவனுக்குத்தான்யா தேடற மாதிரி நடிக்கத் தெரியும்." சிவசங்கர் போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. நம்பர் போட்ட கட்ட எவன் வூட்ல கெடக்குதோ, அவன்தான் மரத்த வெட்டுனவன். எவனா இருந்தாலும் விடக் கூடாது."

போலீஸ்காரர் எழுதி, கீழே சிவசங்கரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

தைலம்மாள் இட்லிக் குண்டானைத் துணியில் கட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பொன்னுரங்கத்துக்குத் தாங்கவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் இன்னும் கேட்காத ஆள் ஒருவர்தான் பாக்கி.

"முனியா, நீயாவது பாத்தியா? நாப்பத்தேழுன்னு நம்பரு போட்ட கட்ட?"

முனியன் சொம்பைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி சார் வூட்ல நீங்க உக்காந்துக்கினு இருந்தீங்களே, அதாங்க. நம்பரு அடிப்பக்கம் இருக்குது."