இன்ஸ்பெக்ஷனில் ஆறு பேரும் பாஸ்

மாட்டுப்பட்டிப் பால் பண்ணையில் மாடுகளையும் என் மனைவியையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் அன்பு மாப்பிள்ளை மிக்கேல்ராஜுக்கு,

ஆனைக்கரையிலிருந்து உன் அத்தான், ஓய்வுபெற்ற ஹவில்தார் இன்னாசிராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் இங்கே பரம சுகம். நீயும் உன் மனைவி தமிழ்ப்ரியாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். உன் அக்காள் ஞானஜோதியின் சுகத்தை நான் விசாரித்ததாக நீயாகச் சொல்ல வேண்டாம். அவளாகக் கேட்டால், விசாரித்தேன் என்று சொல். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீ போனைத் தீவனத் தொட்டி மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறாய் என்று தகவல் வந்திருக்கிறது. மாடுகளுக்கு என் குடும்ப விஷயம் தெரிய வேண்டாம் என்று கடிதம் எழுதுகிறேன்.

மாப்பிள்ளே, பெரிய செய்தி! பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு மனசு நிலைக்கு வராமலும் ஒண்ட இடமில்லாமலும் திண்டாடுகிறவர்களுக்காக, ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் சேர்ந்து இங்கே ஒரு இல்லம் திறந்திருக்கிறார்கள். பழைய எஸ்டேட் பங்களா. ஆளுக்கொரு அறை, அறைக்கொரு சாவி, சாவி அவரவர் கையில்! யாரும் வெளியே பூட்டுவதில்லை, எப்போது போவாய் என்று கேட்பதுமில்லை. வாரம் இரண்டு நாள் டின்சி என்கிற மனநல ஆலோசகர் வருகிறார், நமக்கு மகள் வயசுப் பெண்; மாதம் ஒருமுறை டாக்டர். இதற்கெல்லாம் இன்சார்ஜ் யார் என்கிறாய்? உன் அத்தான்தான்! எனக்கும் மூன்றாம் நம்பர் அறையை ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல காற்று, ஜன்னலைத் திறந்தால் ஏலக்காய்த் தோட்டம். ஆகவே வரும் வெள்ளிக்கிழமை உன் அக்காளைப் பெட்டி படுக்கையோடு மூணாறுக்குக் கூட்டி வந்து குமுளி பஸ்ஸில் ஏற்றிவிடு. இது ஆர்டர் என்று வைத்துக்கொள்.

இங்கே நாங்கள் மொத்தம் ஆறு பேர். இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் நஞ்சப்பன், எருத்தேன்பதிக்காரர், பட்டாளத்தில் கண்ணிவெடி தோண்டி எடுத்தவர். ஊருக்குத் திரும்பியபின் வீட்டுக்குள் படுக்க முடியாமல், அண்ணனின் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் ஆறு வருஷம் குடியிருந்தார். மற்றவர் கிச்சா, கல்பாத்திக்காரர், விமானப்படையில் வயர்லெஸ் பார்த்தவர். எங்கே உட்கார்ந்தாலும் முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் உட்காருவார். கல்யாண வீட்டுப் பந்தியில் சுவரோரம் இடமில்லை என்று சாப்பிடாமலே திரும்பியவர். நல்ல மனுஷர்கள், ஆனால் பாவம், உள்ளே ஏதோ சரியில்லை. எனக்கு அப்படி எதுவும் இல்லை, இவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன் என்பது உனக்கே தெரியும்.

போன மாதம் டின்சி வந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை இந்த இல்லத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் கர்னல் அமர்நாத்தும் டாக்டரும் வருகிறார்கள், ஒவ்வொருவரையும் பரிசோதித்து யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்றது. கர்னல் வருகிறார் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. இன்ஸ்பெக்ஷன்! பதினொரு வருஷம் கழித்து ஒரு இன்ஸ்பெக்ஷன்! அன்று மாலையே மற்ற ஐந்து பேரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினேன். நடைபாதைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மெத்தை விரிப்பு கசங்கக் கூடாது என்று மூன்று ராத்திரி தரையில் படுத்தோம். பல் தேய்க்கும் பிரஷ்ஷை எல்லா அறையிலும் ஒரே திசை பார்த்து வைத்தோம். அதோடு விட்டேனா? யாரும் பயப்படக் கூடாது என்று டாக்டர் கேட்கப்போகும் இருபத்தொரு கேள்விகளையும் டின்சி முன்கூட்டியே போர்டில் ஒட்டியிருந்தது. வினாத்தாள் கையில் இருக்கும்போது ஒரு ஹவில்தார் என்ன செய்வான்? விடை தயாரித்தேன். காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தேன். நஞ்சப்பனுக்குப் பதினாலாவது கேள்வி மட்டும் நாக்கில் நிற்கவில்லை, அவரை முற்றத்தை இரண்டு சுற்று ஓடவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீ பார்த்திருக்க வேண்டும் மாப்பிள்ளே! ஆறு பேரும் விறைப்பாக நிற்கிறோம், மூச்சுகூட ஒரே தாளத்தில். டாக்டர், "தூக்கம் எப்படி?" என்றார்.

"நல்லாத் தூங்குறனுங்க சார்!" என்றார் நஞ்சப்பன். குரலில் பங்களா ஓடே அதிர்ந்தது.

"கெட்ட கனவு ஏதும்?"

"கனவுன்னு ஒரு பழக்கமே எனக்குக் கெடையாதாக்கும்," என்றார் கிச்சா. "ஒரு கொழப்பமும் இல்லை, கேட்டேளா!"

இருபத்தொரு கேள்வி, ஆறு ஆள், ஒரு தப்பில்லை. கர்னல் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னாசி, இத்தனை ஆரோக்கியமான ஆட்களை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லையே!" என்றார். டாக்டர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். டின்சி மட்டும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, தலை கால் புரியாத சந்தோஷம். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் என் சார்பில் பாயசம்.

இரண்டு நாள் கழித்து டிரஸ்டிலிருந்து கடிதம் வந்தது. நான்தான் சத்தமாகப் படித்தேன். உதவி தேவைப்படும் நிலையில் ஒருவர்கூட இல்லை என்று தெரியவருவதால், இம்மாதக் கடைசியோடு இல்லத்தை மூடி, கட்டிடத்தை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வதாக உத்தேசம். அனைவரும் மகிழ்ச்சியோடு அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஞ்சப்பன் தன் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்து, சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"எனக்கென்னுங்க, மோட்டார் ரூம் இருக்குதுங்க," என்றார். "அங்க மோட்டாரு ஓடீட்டே இருக்குமுங்க. வேற ஒண்ணும் காதுல உழுகாதுங்க."

என் வாய்ச்சவடாலால் ஒரு மனுஷன் மறுபடியும் மோட்டார் ரூமுக்குப் போகப் போகிறான். நேரே டின்சி வீட்டுக்கு ஓடினேன். செருப்புப் போட்டேனா என்பதுகூட நினைவில்லை.

"அண்ணே, நான் அத ஒட்டுனதே ஒங்க பயம் தெளியட்டும்னுதான்," என்றது அந்தப் பிள்ளை. "நீங்க என்னடான்னா பாடம் படிச்சு ஒப்பிச்சிட்டீக. சரி விடுங்க. இன்னொரு தடவ வரச்சொல்லிக் கேக்கேன். அன்னைக்காவது உள்ளதச் சொல்வீகளா?"

கர்னல் சனிக்கிழமை வர ஒப்புக்கொண்டார். நான் உடனே மற்ற ஐந்து பேரையும் மறுபடி நிறுத்தி, "எல்லாரும் கேட்டுக்கோங்க, சனிக்கெழம உள்ளதச் சொல்லணும், இது ஆர்டர்!" என்றேன். ஒத்திகையும் பார்த்தேன். பார்த்தால், கிச்சா நெடுநேரம் யோசித்து, தனக்கு லேசாகச் சளி இருக்கிறது என்றார். நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு, முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூனிக்குறுகிப் போனார். உனக்குச் சிரிப்பாக இருக்கும். பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போடுகிறவனை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். முட்டி வலியே எங்களுக்குச் சாமியாரிடம் முழந்தாளிட்டுச் சொல்லும் மகா பாவசங்கீர்த்தனம்!

சனிக்கிழமை டின்சி என்ன செய்தது தெரியுமா? என்னிடம் முன்பே, பட்டாளத்தில் நீங்கள் எப்போதாவது மனசுவிட்டுப் பேசியதுண்டா என்று கேட்டிருந்தது. சுட்டுவிட்டு வந்தபின் வட்டமாக உட்கார்ந்து துப்பாக்கி துடைப்போமே, அப்போது பேசுவோம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை காய்ந்த ஏலக்காயைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டிவிட்டது. தரம் பிரிக்கச் சொன்னது. கர்னலும் தரையில் உட்கார்ந்தார், டாக்டரும் உட்கார்ந்தார். கேள்வித்தாளைக் காணோம். அரைமணி நேரம் காயைப் பொறுக்கும் சத்தம்தான். அப்புறம் எங்களில் ஒருவர் வாயைத் திறந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அது ராணுவ ரகசியம்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மழைக்காலத்தில் இடி இடித்தால் தன்னை அறியாமல் கட்டிலுக்கடியில் பாய்ந்துவிடுவதாகச் சொன்னார். ஒருநாள் தான் மட்டும் பாயாமல், வீட்டுக்காரியைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் கையையும் பிடித்து இழுத்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றார். அவள் கத்தவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். அந்தப் பொய்யைப் பொறுக்க முடியாமல் இவர் அவள்மேலேயே கத்தினார், தினமும் கத்தினார். கடைசியில் அவள் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் கேட்டவர்களிடமெல்லாம், தம்பிக்கு மாடு பார்க்க ஆளில்லை, அதனால் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் முடித்ததும் நஞ்சப்பன், "எனக்குஞ் சத்தமில்லீன்னா தூக்கம் வராதுங்க," என்று தொடங்கினார். பிறகு கிச்சா. பிறகு நிறுத்தவே முடியவில்லை மாப்பிள்ளே! ஒரு மூட்டை ஏலக்காய் தீர்ந்துபோய் இன்னொரு மூட்டை வாங்க ஆள் அனுப்பினோம். இல்லம் மூடப்படாது! டாக்டர் இனி மாதம் இரண்டு முறை வருவார்! நஞ்சப்பன் அறையில் ஒரு பழைய டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், அது டாக்டரே எழுதிக்கொடுத்த மருந்து! கிச்சா சாப்பிடும் மேஜையைச் சுவரோரம் நகர்த்தியாயிற்று! இன்ஸ்பெக்ஷனில் தோற்றுவிட்டு ஆறு பட்டாளத்துக்காரர்கள் கட்டிப்பிடித்து ஆடியதை இந்த மலை முதல்முறையாகப் பார்த்திருக்கும். நான் தொண்டை கட்டுகிறவரை ஜே போட்டேன். ஏலக்காயைத்தான் ஆறு பேரும் ஆறு விதமாகத் தரம் பிரித்துவிட்டோமாம், தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தமிழ்ப்ரியாவுக்கு ஆசீர்வாதம். பண்ணையில் எல்லா மாடும் குறைவில்லாமல் கறக்க அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்,
ஹவில்தார் இன்னாசிராஜ் (ஓய்வு), இன்சார்ஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இங்கே இன்சார்ஜ் என்று ஒரு பதவியே கிடையாது மாப்பிள்ளே. மூன்றாம் நம்பர் அறையில் தங்கிச் சிகிச்சை எடுக்கிறவன் நான். உன் அக்காள் உன்னிடமும் துவைக்கிற கல் என்றுதான் சொல்லியிருப்பாள். கல் இல்லை, நான்தான். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் நினைத்தேன், மறுபடியும் எழுதினால் மறுபடியும் பொய்தான் எழுதுவேன் என்று பயமாக இருக்கிறது. அவளை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம். அவளாக வருகிறேன் என்று சொன்னால் ஒழிய எந்தக் கிழமையும் அனுப்ப வேண்டாம். இதை அவளிடம் படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாமல். மாட்டுப்பட்டியில் இப்போது குளிர் அதிகமாமே. மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது.